மலைக்குப் போற வண்டிக்கு மலை ஜெட் போடுங்க

சென்னையில வேலை பார்த்துக்கிட்டே நீலகிரி பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கணும்னு ஆசைப்படறவங்க இப்ப நிறைய. நிலம் வாங்குன கையோட, உரமூட்டை, காய்கறிக் கூடை ஏத்த பழைய ஏ.டி.வி ஒண்ணு கிடைக்குமான்னு தேடுறாங்க. நாலு குண்டு டயர், ஹேண்டில்பார் வச்ச அந்த வண்டிதான். பழசுன்னா பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டியா இருக்கும். அதை இங்க திருமழிசை மாதிரி சமவெளியில ட்யூன் பண்ணி லாரியில ஏத்தி மலைக்கு அனுப்பறது தப்புங்கறதுதான் என் கருத்து.

காரணம் எளிமையானது. கார்புரேட்டர் காத்து ஓடுற வேகத்தை வச்சுத்தான் பெட்ரோலை உறிஞ்சுது. அந்தக் காத்து எவ்வளவு அடர்த்தின்னு அதுக்குத் தெரியாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான். காத்து குறையுற அளவுக்கு பெட்ரோல் குறையாது. அடுப்புல காத்து இல்லாம விறகை மட்டும் திணிச்சா என்ன ஆகும்? புகைதான். ப்ளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், ஐடில்ல நிக்காம அணைஞ்சு போகும்.

அணைஞ்சா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. செங்குத்தான தேயிலைச் சரிவுல மூட்டையோட ஏறும்போது எஞ்சின் நின்னா வண்டி பின்னாடி உருளும். தானா பிடிக்கிற கிளட்ச் உள்ள பல வண்டிகள்ல எஞ்சின் நின்ன உடனே எஞ்சின் பிடிமானமும் போயிடும். பிரேக் ஒண்ணுதான் மிச்சம். ஏ.டி.வி கவுந்தா ஆள் மேலேயே விழும்.

இதுக்கு மருந்து பெரிய செலவில்ல. சின்ன துளை உள்ள மெயின் ஜெட், தேவைப்பட்டா பைலட் ஜெட், ஊசியோட கிளிப்பை ஒரு பள்ளம் மேல மாத்தறது, அவ்வளவுதான். சில பேர் ஏர் ஃபில்டரைக் கழட்டிடு, காத்து நல்லா வரும்பாங்க. கேக்காதீங்க. தோட்டத்து மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள போகும்.

ஜெட் மாத்துனாலும் இழந்த பலம் முழுசா வராது. 300 மீட்டர் ஏறினா ஏறக்குறைய மூணரை சதவீத பலம் குறையும்னு ஹோண்டா தன்னோட சின்ன எஞ்சின்களோட கையேட்டிலேயே போட்டிருக்கு. கணக்குப் போட்டா ஊட்டியில கால்வாசி பலம் போச்சு. அதனால மூட்டையையும் குறைச்சு ஏத்துங்க. இந்தக் கணக்கு களைவெட்டி, தெளிப்பான், தண்ணி பம்ப்புன்னு கார்புரேட்டர் உள்ள எல்லாத்துக்கும் பொருந்தும்.

இறங்கும்போதும் கவனம் வேணும். மலை ஜெட்டோட சுமார் 330 மீட்டர்ல இருக்கற மேட்டுப்பாளையத்துல ஓட்டினா பெட்ரோல் பத்தாம எஞ்சின் கொதிக்கும், பிஸ்டனே பிடிச்சுக்கலாம். பழைய ஜெட்டைப் பொட்டலம் கட்டி டூல் பெட்டியில வச்சுக்கங்க.

"எஃப்.ஐ வண்டி வாங்கிட்டா இந்தத் தொல்லை ஏது?" ம்பீங்க. நியாயம்தான். 2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 வந்த பிறகு நம்ம புது பைக்குகள் எல்லாமே ஏறக்குறைய அதுக்கு மாறிடுச்சு. சென்சார் காத்தைப் பார்த்து பெட்ரோலைத் தானே குறைக்கும். ஆனா சென்சார் கெட்டா ஸ்கேனர் இருக்கற ஆளைத் தேடணும். கார்புரேட்டரை மலையிலேயே ஒரு திருப்புளியோட சரி பண்ணலாம். சின்ன விவசாயிக்கு இன்னும் அதுதான் கைக்கு அடங்குது.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. விதை விக்கறவங்க எந்த மண்ணுன்னு கேட்டுத்தானே குடுக்கணும்? அதேபோல எஞ்சின் விக்கறவங்க எந்த உயரத்துல ஓட்டப் போறீங்கன்னு கேட்டு, அந்த ஜெட்டைப் போட்டுக் குடுக்கணும். அவங்க கேக்கலேன்னா, வாங்கற நீங்க கேளுங்க.