சராசரிக்குள் காணாமல் போகிற ஊர்

விவசாயத்தில் எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்று அப்பப்ப பேப்பரில் பட்டியல் வரும். சென்னையில் இருக்கிற சொந்தக்காரங்க அதைப் பார்த்துட்டு, "தூத்துக்குடி பரவாயில்லையே" என்று போன் போடுவாங்க. தூத்துக்குடி பரவாயில்லாமல் இருக்கலாம். கீழவைப்பார் எப்படி இருக்குன்னு அந்தப் பட்டியல் சொல்லாது.

எங்க மாவட்டம் ஒரே மண் கிடையாது. தெற்கே ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணி பாயுது. நெல்லும் வாழையும் விளையுது. வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் கரிசல் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, வத்தல். பெய்யலைன்னா விதைச்ச விதையும் போச்சு. நாங்க வைப்பாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறோம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஆத்தில் மணல்தான் தெரியும். இந்த ரெண்டு பக்கத்தையும் கூட்டி வகுத்தால் ஒரு சராசரி மாவட்டம் கிடைக்கும். அந்த மாவட்டத்தில் யாரும் குடியிருக்கலை.

இதில் துட்டும் இருக்கு. 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் வந்தன. ரெண்டும் எங்க பக்கத்து மாவட்டங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே வானம், இதே கரிசல். விருதுநகர் மாவட்டத்தைத் தாண்டி வருவதும் இதே வைப்பாறுதான். அவங்களுக்குக் கிடைச்சதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனா கோடு தாண்டினால் வறட்சி நின்னுடுமா? 2023-ல் மாவட்டத்தை விட்டு ஒன்றியம் அளவுக்கு இறங்கி, நாடு முழுக்க 500 ஒன்றியங்களை எடுத்தாங்க. அது சரியான திசை. இன்னும் ஒரு படி இறங்கி ஊருக்கு வரணும்.

எதை அளக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. விளைச்சலை மட்டும் பார்த்தால் போதாதுன்னு எம்.எஸ். சுவாமிநாதன் 1990-களின் தொடக்கத்திலேயே சொன்னார். நீடித்த வாழ்வாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்று ஒன்றை முன்வைத்தார். அதில் மூணு கால்: சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பொருளாதாரத் திறன், சமூக நீதி. யோசனை அருமை. எனக்கு இடிக்கிறது கணக்குப் போடுகிற முறைதான்.

பட்டியலில் கடைசியா இருக்கிற ஊருக்குப் பூஜ்யம், முதல் ஊருக்கு ஒண்ணு, மத்த ஊருக்கெல்லாம் நடுவில் ஒரு மார்க். பிறகு மூணையும் சராசரி எடுப்பாங்க. இதில் ரெண்டு கோளாறு. எல்லா ஊர்க் கிணறும் ஒரே அளவு வத்தினால் யார் மார்க்கும் குறையாது. ஏன்னா ஊரை ஊரோடதான் ஒப்பிடுறாங்க, போன வருஷத்தோட இல்லை. ரெண்டாவது, ஒரு ஊர் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி வருமானத்தில் 0.9 வாங்குது, தண்ணீரில் 0.1, நீதியில் 0.5 என்று வைங்க. சராசரி 0.5. எல்லாத்திலும் 0.5 வாங்கின ஊருக்கும் அதே மார்க். கடலோரத்தில் அளவு மீறி உறிஞ்சினால் கடல் தண்ணி உள்ளே வரும். கிணறு உப்பாயிட்டா அந்த 0.9-ஐ வைத்து என்ன செய்ய? ஓட்டைப் பானையில் ஓட்டை வரைக்கும்தான் தண்ணி நிக்கும். மூணில் எது குறைவோ அதுதான் ஊரின் மார்க்னு வைக்கணும்.

இப்படி அளக்கிறது எங்க கடற்கரைக்குப் புதுசு இல்லை. முத்துக்குளிக்கு முன்னால் பார்களைச் சோதிப்பாங்க. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, வயசையும் முத்தின் மதிப்பையும் பார்த்து, முத்தியிருந்தால்தான் குளிப்புக்கு உத்தரவு. பிஞ்சா இருந்தால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. அப்படியும் 1961-தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு. அளந்தால் மட்டும் எல்லாம் பிழைச்சிடும்னு நான் சொல்ல வரலை. எடுக்கிறதுக்கு முன்னால் அடியில் என்ன மிச்சம் இருக்குன்னு கேட்டாங்க பாருங்க, அந்தக் கேள்வி சரியான கேள்வி.

அதை நிலத்துக்கும் கேக்கலாம். சித்திரையில் கிணத்தில் எத்தனை அடித் தண்ணி, அதில் எவ்வளவு உப்பு? எத்தனை ஏக்கர் விதைச்சோம், எத்தனை ஏக்கர் சீமைக்கருவை மூடிக் கிடக்கு? ஆடு மாடு எத்தனை? களை எடுக்கிற பொம்பளையாளுக்குக் கூலி என்ன? நாப்பது வயசுக்குக் கீழே எத்தனை பேர் இன்னும் வெள்ளாமை பண்றாங்க? இதுக்குச் செயற்கைக்கோள் வேண்டாம். வருஷா வருஷம் கிராம சபையில் வாசிச்சு, பஞ்சாயத்துச் சுவரில் எழுதினால் போதும். பத்து வருஷக் கணக்கை வரிசையா வைத்துப் பார்த்தால் ஊர் எழும்புதா இறங்குதான்னு படிக்காதவருக்கும் புரியும். அதிகாரி வரும்போது கையில் காட்டவும் ஒண்ணு இருக்கும்.

பட்டணத்தில் இருக்கிற உங்களில் பலருக்கு ஊரில் இன்னும் பட்டா இருக்கு. அடுத்த தடவை பட்டியல் வந்தால் மாவட்டம் எத்தனையாவது இடம்னு பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. ஊருக்குப் போன் போட்டு, கிணத்தில் தண்ணி எத்தனை அடியில் கிடக்கு, நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு கேளுங்க.