தோலைத் தொட்டால் என்ன தீட்டு?



இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் கைவேலைக் குறிப்புகளை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். எம்ப்ராய்டரி, ஒயர் கூடை, தஞ்சாவூர் ஓவியம், பட்டு நூல் வளையல் என்று எத்தனையோ வந்தாகி விட்டது. தோல் வேலை பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைக் கொஞ்சம் வாய் விட்டுப் பேசலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். ஆம்பூரில் கட்டிக் கொடுத்த என் நாத்தனார் அங்கே ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கடைத்தெருவில் தோல் வெட்டுத் துண்டுகளை எடை போட்டு விற்பதைப் பார்த்தேன். ஆசையாக ஒரு கிலோ வாங்கி வந்தேன். அதிலிருந்து ரெண்டு வருஷமாக சாவிக்கொத்து, சில்லறை பர்ஸ், மூக்குக் கண்ணாடிக் கூடு, கத்தரிக்கோல் உறை என்று செய்து வருகிறேன். பிழைப்புக்காக இல்லை. மதியம் சமையல்கட்டு ஒழிந்த பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்துக்காக.

திண்ணையில் தோலைப் பரப்பி உட்கார்ந்த முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா, "ஏண்டி, உனக்கு வேற கைவேலையே கிடைக்கலியா? நெசவாளி வீட்டுக்குள்ள இதைக் கொண்டு வரலாமா?" என்றார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாமி அறைக் கதவைச் சாத்தி வைத்தார்.

நான் அவரிடம் கேட்டேன், "ஆடி வெள்ளிக்கு நம்ம ரேணுகாம்பாள் கோயில்ல பம்பையும் உடுக்கையும் அடிக்கிறாங்களே அத்தை, அது எதுல செஞ்சது?" என்று. பதில் வரவில்லை. பம்பை மட்டுமா? கல்யாணத்தில் தாலி கட்டும்போது முழங்கும் தவிலும் தோல். கச்சேரி மேடையில் மிருதங்கமும் தோல். முன்பெல்லாம் தறியில் நாடாவைத் தள்ளும் பிக்கரைக்கூட எருமைத் தோலில்தான் செய்வார்கள். பட்டு மட்டும் என்ன? கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிநீரில் போட்டு இழை எடுக்கிறோம். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான புழுக்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் மடி. ஒரு தோல் துண்டைக் கையில் எடுத்தால் தீட்டு. இது என்ன கணக்கு?

கணக்கு வேறு. தோலில் தீட்டு இல்லை. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களின் சாதியை நாம் தள்ளி வைத்தோம். தள்ளி வைத்ததற்குத் தோல் மேல் பழி போட்டோம். ஷோரூமில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தோல் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோமே, அப்போது யாராவது குளித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறோமா?

காந்தியடிகள் செருப்பு தைத்தது பலருக்குத் தெரிந்திருக்காது. 1910ல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தார். அந்த நிலத்தைக் கொடுத்த நண்பர் காலன்பாக், ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்பு செய்யும் தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். பாரிஸ்டர் படித்தவர், வணிகர் குலம். பண்ணையில் இருந்த மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். போராட்டத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே சிறையில் ஒரு ஜோடி செருப்பு தைத்துக் கொடுத்தார். அதைப் பத்திரமாக வைத்திருந்து 1939ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினாராம் ஸ்மட்ஸ். வங்காளத்தில் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் தோல் வேலையைக் கலையாகவே வளர்த்தார்கள். சாந்திநிகேதன் தோல் பைகள் என்று இன்றைக்கும் அதற்குத் தனி மவுசு இருக்கிறது.

நான் யாரிடம் கற்றேன் என்று கேட்பீர்கள். பஸ் நிறுத்தத்தில் செருப்பு தைக்கும் பெரியவரிடம்தான். முதலில் அவர், "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று தயங்கினார். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து 'நீங்க' என்று பேசுகிறவர்களே எங்கள் பக்கம் குறைவு. நான் 'ஐயா' என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் தெருவில் தையல் கற்றுக் கொடுக்கும் டீச்சர் மாதம் என்ன வாங்குகிறாரோ அதே தொகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் கூச்சம்தான். "பணத்தைக் கொடு, சரி. தட்டு எதுக்கு?" என்றார். தையல் டீச்சருக்குத் தட்டில்தானே வைத்தோம்?

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். நாம் செய்தால் அது 'ஹாபி', பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். அவர் ஐம்பது வருஷமாகச் செய்கிறார், அறுந்த வாரைத் தைக்க இருபது ரூபாய் கேட்டால் பத்துக்கு வா என்று பேரம் பேசுகிறோம். தோல் வேலை கற்க ஆசைப்படும் தோழிகள் முதலில் இந்தப் பேரத்தை விடுங்கள்.

அவர் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது ரெட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்துக் கொள்ள வேண்டும். குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று நுழைத்து ஒரே சீராக இழுக்க வேண்டும். மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒன்று அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொண்டு நிற்கும். நூலைத் தேன்மெழுகில் நாலைந்து தடவை இழுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும், ஈரத்துக்கும் தாங்கும். துளை சம இடைவெளியில் விழ, தையல்காரர்கள் துணியில் புள்ளி வைக்க உருட்டுவார்களே பல்சக்கரம், அதையே நான் வைத்துக்கொள்கிறேன். அங்குலத்துக்கு ஆறு தையல் வந்தால் பர்ஸுக்கு அழகு. ரப்பர் சொல்யூஷன் ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புப் பக்கம் கண்டிப்பாக வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

தோல் வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவார்கள். எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்கிறதே ஜவ்வாது மலை, அங்கே மலைவாழ் மக்கள் பொறுக்கி வரும் அதே கடுக்காய்தான். இந்தத் தோலை லேசாக நனைத்து அச்சு வைத்து அழுத்தினால் கோலம் மாதிரி அப்படியே நிற்கும். வெட்டு வாயைத் தண்ணீர் தொட்டுத் துணியால் தேய்த்தால் பளபளக்கும். இன்னொன்று குரோமியம் உப்பில் பதப்படுத்தியது. மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தயாராகும், ஷூவுக்குப் பெரும்பாலும் அதுதான். வெட்டு வாயில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். அதில் அச்சு நிற்காது. தோல் கழிவுநீரால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்பது வேலூர் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வழக்கில், மாசுபடுத்தியவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. என்ன தோல் என்று கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

இப்போது சனிக்கிழமை மதியம் எங்கள் திண்ணையில் ஐந்து பேர் கூடுகிறோம். அந்த வாரம் செய்ததை ஆளுக்கொன்று கொண்டு வர வேண்டும். வெட்டும் அளவுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரைந்து, கோலப் புத்தகம் மாதிரி கை மாற்றிக் கொள்கிறோம். சிலர் புது மாதிரி கண்டுபிடித்தால் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. என் கண்ணாடிக் கூட்டுக்கு மூடி போடலாம் என்பதே வேறொருத்தி சொன்ன யோசனைதான்! இன்னொன்று, 'நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு' என்று சொல்லிக்கொள்வதில் பிரயோசனமே இல்லை. பொருளைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்பக்கம் கோணிக்கொண்டு போனதை எடுத்துச் சொல்கிறவள்தான் தோழி.

பெரியவரின் மருமகளும் காலனியிலிருந்து வருகிறாள். எங்களில் தையல் அவளுக்குத்தான் நேர்கோடு. அவள் வந்த முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காபி கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருத்தி அதற்கடுத்த வாரம் வந்துவிட்டாள், காபியும் குடித்தாள். இன்னொருத்தி இன்னும் வரவில்லை. அவளுடைய பாதி தைத்த பர்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. மாமியார் இப்போது சாமி அறைக் கதவைச் சாத்துவதில்லை. போன மாதம் சுருக்குப்பைக்குப் பதில் ஒரு சின்னத் தோல் பை கேட்டார், வெற்றிலை வைக்க.

பெண்களுக்குப் பயிற்சி என்றால் தையல், ஊறுகாய், மெழுகுவர்த்தி என்று இதையே சுற்றிச் சுற்றி நடத்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்கள். அங்கே ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கிறார்கள். சென்னை அடையாறில் 1948லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. எங்கள் பக்கத்து மகளிர் குழுப் பயிற்சியில் தோல் வேலையையும் சேர்த்து, பஸ் நிறுத்தத்துப் பெரியவர் போன்றவர்களையே சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்கார வைத்தால் என்ன? சான்றிதழ் இல்லை என்பார்கள். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டுதானே அந்த அதிகாரிகளும் நடக்கிறார்கள்.

கடைசியாகத் தோழிகளிடம் ஒரு உதவி. சாந்திநிகேதன் பைகளில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிறார்களே, பாத்திக் வேலை, அதைக் கடுக்காய்த் தோலில் நாங்கள் செய்து பார்க்கப் போகிறோம். மெழுகை எடுக்கும்போது தோல் சுருங்காமல் இருக்க என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். பட்டுக்குப் போடும் சாயம் தோலில் பிடிக்குமா என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. எங்கள் வீட்டில் அது நிறையவே மிச்சமாகிறது.

- ஒரு வாசகி, படவேடு.