மாய உலகமும் எமது வாசிகசாலைகளும்

கண்ணை மூடும் கருவியொன்றை மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே இன்னோர் இடத்தில் உலாவச் செய்யும் மெய்நிகர்த் தொழில்நுட்பம், இன்று நூலகத்தின் வாசலிலும் ஆடைச் சந்தையின் வாசலிலும் வந்து நிற்கிறது. சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரையுள்ள எமது கரைக்கும் அது ஒருநாள் வரத்தான் போகிறது. வந்தபின் வரவேற்பதா மறுப்பதா என்று வாதிடுவதிலும் பார்க்க, அது எந்த மொழியிற் பேசிக்கொண்டு வரும் என்று இப்போதே கேட்பது விவேகம் என நாம் கருதுகிறோம்.

பகட்டை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2021 ஒக்டோபரில் முகநூல் நிறுவனம் தன் பெயரையே ‘மெட்டா’ என மாற்றிக்கொண்டது. 2022 மார்ச்சில் ‘டிசென்ட்ரலாண்ட்’ என்னும் மாய நகரில், உடலில்லா உருவங்கள் நூலில்லா ஆடைகளை உடுத்து நான்கு நாள் பவனி வந்தன. அவ்வாண்டில் மட்டும் மெட்டாவின் இப்பிரிவு 1,300 கோடி டொலருக்கு மேல் நட்டங் கண்டது. இதைப் பார்த்து எமது பிரதேச சபையொன்றும் மாய நகரம் கட்டப் புறப்படுமாயின் அதனினும் பேதைமை வேறில்லை!

ஆயினும் பகட்டு அடங்கிய பின்னும் பயன் எஞ்சுகிறது. துணியை வெட்டாமலே திரையில் மாதிரி உடுப்பை அமைத்துப் பார்க்கும் முறை இலங்கையின் பெரிய ஆடை நிறுவனங்களில் ஏற்கெனவே வழக்கிலுண்டு. மாதிரி தைக்கும் வேலை கையிலிருந்து திரைக்கு மாறுகையில், அத்திரையை இயக்கும் பயிற்சி தமிழிலும் கிடைக்காவிடின், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துள்ள எமது பெண்களின் கதி என்ன? 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது சட்டப் புத்தகத்தோடு நின்றுவிட வேண்டுமா?

நூலகத்தின் நிலை இதனினும் அவசரமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தனர். அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தனர். பாட்டன் தொழுத பள்ளிவாசலும் பாட்டி நீரள்ளிய கிணறும் இவர்களுக்கு வெறும் கதை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு அன்று எப்படியிருந்தது, எந்த வீட்டில் யார் இருந்தார், எந்த மூலையில் தேநீர்க்கடை என்று சொல்லவல்ல முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் நினைவைப் பதிவு செய்து, பழைய நிழற்படங்களோடு சேர்த்து, அத்தெருவை மெய்நிகராய் மீண்டும் எழுப்ப முடியும். உடப்பின் கரைவலைக்காரர் பாடும் அம்பாப் பாடலையும் வலையிழுக்கும் காட்சியோடு அவ்வாறே காக்கலாம். பத்தாண்டு தாமதித்தால் கருவி மலியும். சொல்ல ஆள் இரார்.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகர வரிசையிலே தொகுத்தார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை வெளியிட்டார். இரண்டும் ஆங்கில நூல்கள். அவர் ஊர்ப் பிள்ளை அவற்றைத் தமிழில் தன் ஊர் வாசிகசாலையிலே காண வேண்டாமா? அதே ஊரில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் நினைத்தபோது நுழைய இயலாது. அதனுள்ளும் அப்பிள்ளை மெய்நிகராய் நடந்து பார்க்கட்டும்.

கமக்காரர் இதிலே தமக்கென்ன என்று கேட்கலாம். சிவப்புக் கூன்வண்டின் புழு தென்னந்தண்டைக் குடைவது வெளியே தெரிவதில்லை. குருத்துச் சாய்ந்த பின்னரே தெரிகிறது. அத்தண்டின் உள்ளே நுழைந்து பார்த்தாற்போல் காட்டுவதற்கு இக்கருவியினும் ஏற்றது எது? தென்னை ஆராய்ச்சி நிலையம் இதே மாவட்டத்தில் லுணுவிலையில் இருக்கிறது. அது இதனைத் தமிழிலும் ஆக்கித் தருமாறு எமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

பணம் எங்கே என்பர். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து ஈழத்து நூல்களை உலகெங்கும் இலவசமாய்ப் படிக்க வைத்திருக்கிறது. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களிடம் நாம் கேட்பது சிறிது: விலையுயர்ந்த கண்ணாடிகளுக்குக் கேள்விப்பத்திரம் கோருமுன், ஒவ்வொரு பொது நூலகத்துக்கும் ஒரு குரற்பதிவுக் கருவியும், ஒரு வருடி இயந்திரமும், தமிழறிந்த ஓர் உத்தியோகத்தரும் கொடுங்கள்.