லோடருக்கு எலுமிச்சம்பழம்!

ஆயுத பூஜை வந்துவிட்டால் ஜல்லிக் கிரஷர்களிலும் நிலக்கரி யார்டுகளிலும் லோடர் வண்டிகளுக்கு நடக்கும் உபசாரத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பக்கெட்டுக்குச் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாசலிலே பூசணிக்காய். ஆனால் வண்டியின் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி உடைந்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

பழம் நசுங்கிவிட்டால் குவியல் சரியாமல் நின்றுவிடுமா என்று கேட்கின்றோம். காய்ந்த மணல் சுமார் 30 முதல் 35 டிகிரிச் சாய்வில்தான் நிற்கும். ஈர மணலோ சுவர்போல் செங்குத்தாகவும் நிற்கும். வெயிலேறி ஈரம் வற்றினால் சொல்லாமல் கொள்ளாமல் இடியும். லோடரைக்கொண்டு அடியிலேயே குடைந்து குடைந்து எடுத்தால், மேலே கூரைபோல் தொங்கும் பாகம் ஓட்டுகிறவர் தலையில்தானே விழும்? பக்கெட் எட்டாத உயரத்துக்குக் குவிக்காமலிருப்பதும், தொங்குவதை முன்னதாகவே மேலிருந்து சரித்துவிடுவதுமே இதற்குப் பரிகாரமாகும்.

நிலக்கரியில் இன்னொரு ஆபத்துமுண்டு. அடியிலுள்ள வாய் வழியாகக் கரி கன்வேயருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மேலே இறுகிய கரி பாலம்போல் நிற்கும். உள்ளே வெறும் பொந்து. மேலே புல்டோசர் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. அமெரிக்காவில் இப்படி வண்டியோடு புதைந்து மாண்டவர்களுண்டு. கரி இறங்குமிடத்துக்கு நேர் மேலே எவரும் நடக்கவோ நிற்கவோ கூடாதென்று அங்கே சுரங்க விதி இருக்கிறது. நம் ஜனங்களுக்கோ விதி என்றால் தலையில் எழுதியது என்றுதான் அர்த்தம்.

நிற்க, ஓர் ஆள் செத்தால் "அவன் காலம் முடிந்தது" என்று முதலாளி பெருமூச்சு விடுகிறார். இது அவருக்கு மிகவும் லாபமான வேதாந்தம். பழி கடவுள் மேல் போய்விட்டால் நஷ்டஈட்டை யார் கேட்பார்கள்? லாரிக் கணக்கைக் காட்டி அவசரப்படுத்தியது கடவுளா? பின்னால் வரும்போது ஊத வேண்டிய ஹாரனைப் பழுது பார்க்காதது கடவுளா? தட்சிணை வாங்கிய புரோகிதரையும் எந்தக் கோர்ட்டும் கூப்பிடுவதில்லை.

தோழர்களே! காலையில் வண்டியை எடுக்குமுன் பிரேக்கைப் பாருங்கள். பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டாமல் தரையை ஒட்டித் தாழ்த்தி ஓட்டுங்கள். குவியலடியில் சிதறினதைக் கூட்டும் பெண்கள் விலகும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். தொங்கும் குவியலில் எடுக்கச் சொன்னால், ஒருவர் மறுத்தால் வேலை போகும். ஆகையால் எல்லோரும் சேர்ந்து மறுங்கள். இந்த வருஷம் பூசணிக்காய்ப் பணத்தில் அந்தக் கண்ணாடியை மாட்டித் தரும்படியும் கேளுங்கள்.