பூட்டின் குற்றமா, பகிர்வின் குற்றமா?

கணனியின் வேகம் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் ஒரு வாய்பாட்டினைத் திரும்பத் திரும்ப ஒப்புவித்து வருகின்றனர். முறைவழியாக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேலை விரைவுறும் என்பதும், அவ்வாறு விரைவுறாவிடின் இடையில் நிற்கும் பூட்டினைச் செப்பனிட்டால் போதும் என்பதுமே அவ்வாய்பாடாகும். இதன் முற்பாதி அரையுண்மை; பிற்பாதியோ நோயினை விடுத்து நோய்க்குறிக்கு மருந்திடும் முயற்சி. பணிசெயல் முறைமையின் மையப் பகுதியாகிய கருனி தனது நினைவகத்தைப் பங்கிடும் முறையினை நோக்கின் இது தெளிவாகும்.

கலைப்பீட மாணவனுக்கு இவ்விடயத்தில் யாது வேலை என வினவுவோர் உளர். பொதுச் சேமிப்பொன்றினைப் பலர் பயன்கொள்ளுமிடத்து யார் காத்திருப்பது, அதன் செலவினை யார் ஏற்பது என்பன பொருளியலும் அரசியலும் கற்போர்க்கு அந்நியமான வினாக்கள் அல்ல. அவற்றுக்கு விடை எழுதப்படும் மொழி மாத்திரமே ஈண்டு வேறுபடுகின்றது.

கோப்பொன்று திறக்கப்படும்போதும், வலையமைப்பினூடாகச் செய்தியொன்று வந்து சேரும்போதும் கருனிக்குச் சிறு சிறு நினைவகத் துண்டுகள் தேவைப்படுகின்றன. அவற்றை வழங்கி மீளப்பெறும் பகுதியே நினைவக ஒதுக்கி. பயன்படாதிருக்கும் துண்டுகளின் பட்டியலொன்றினை அது பேணுகின்றது. இரு முறைவழியாக்கிகள் ஒரே கணத்தில் அப்பட்டியலில் கைவைப்பின் ஒரே துண்டு இரண்டுக்கும் போய்ச் சேரலாம்; பட்டியலே சிதைந்தும் போகலாம். இதனைத் தடுக்கவே பூட்டு இடப்படுகின்றது. எனவே பூட்டு ஒரு தவறன்று; பட்டியல் பொதுவானது என்பதன் தவிர்க்கவியலா விளைவு அது. ஆயின் 64 முறைவழியாக்கிகள் ஒரு பூட்டினை ஒருங்கே நாடின் ஒன்று உட்செல்ல 63 வாயிலில் நிற்கும். அதற்கும் மேலாக, பூட்டின் நிலையைக் குறிக்கும் சொல் ஒரு முறைவழியாக்கியின் பதுக்கு நினைவகத்திலிருந்து மற்றொன்றினதற்கு ஓயாது இடம்பெயர்வதால், காத்திருக்க நேராதபோதும் தாமதம் நேர்கின்றது.

இதன் எல்லையை ஜீன் அம்டால் 1967 இலேயே சுட்டிக்காட்டினார். ஒரு வேலையில் நூற்றுக்கு 5 பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யப்பட வேண்டியதாயின், எத்தனை ஆயிரம் முறைவழியாக்கிகளைச் சேர்ப்பினும் வேகம் 20 மடங்கினைத் தாண்டாது.

பூட்டினைச் செப்பனிடுவோரின் சாதனைகளை யாம் மறுக்கவில்லை. 1991 இல் மெலர்-குறமி, ஸ்கொற் ஆகிய இருவரும் காத்திருக்கும் ஒவ்வொரு முறைவழியாக்கியும் தனக்குரிய இடத்தையே பார்த்து நிற்கும் பூட்டொன்றினை வகுத்தனர். லினக்ஸ் கருனியும் 2008 இல் வந்த ஒழுங்கில் இடந்தரும் பூட்டினையும், 2015 இல் மேற்கூறிய வழியினைத் தழுவிய வரிசைப் பூட்டினையும் ஏற்றுக்கொண்டது. இவற்றால் நெரிசல் ஒழுங்குபட்டது, நீதியும் கிடைத்தது. எனினும் ஒழுங்கான வரிசையும் வரிசையே. வரிசையில் நிற்கவேண்டிய தேவை ஏன் எழுந்தது என்னும் வினா தீண்டப்படாமலே எஞ்சிற்று.

அவ்வினாவினை நேர்நின்று எதிர்கொண்டவர்களுள் ஜெப் பொன்விக் குறிப்பிடத்தக்கவர். சன் நிறுவனத்தின் கருனிக்கென 1994 இல் அவர் வெளியிட்ட ஒதுக்கி, ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனிச் சேமிப்பினை அமைத்தது. 2001 இல் ஜொனதன் அடம்ஸுடன் இணைந்து அதனை விரிவாக்கினார். துப்பாக்கியின் ரவைக்கூட்டுப் பெயரால் அழைக்கப்பட்ட சிறு சேமிப்புகள் இரண்டு ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் வழங்கப்பட்டன. ரவைக்கூடொன்றில் 100 துண்டுகள் அடங்குமாயின், 100 கொடுக்கல் வாங்கல்களுக்கு ஒருமுறைக்கு மேல் பொதுக் களஞ்சியத்தின் பூட்டினை நாடவேண்டியதில்லை. கூடு ஒன்றே இருப்பின், அது நிறைந்தோ வெறுமையுற்றோ நிற்கும் தறுவாயில் அடுத்தடுத்து வரும் கொடுக்கலும் வாங்கலும் களஞ்சியத்துக்கு அலையவைக்கும். இரண்டு வைத்ததன் நோக்கம் அதுவே. களஞ்சியப் பூட்டில் போட்டி மிகுவதை முறைமையே அளந்து கூட்டின் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இங்கு பூட்டு மாற்றப்படவில்லை. அதனை நாடும் தேவையே குறைக்கப்பட்டது.

இதனைக் கண்டு, பொதுக் களஞ்சியத்தையே ஒழித்துவிடலாம் என ஆர்ப்பரிக்கும் மறுசாராரும் உளர். அவர்தம் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. ஒரு முறைவழியாக்கி பெற்ற துண்டினை மற்றொன்று விடுவிப்பது கருனியில் அன்றாட நிகழ்ச்சி. களஞ்சியம் இல்லையேல் ஒருபுறம் துண்டுகள் குவிய மறுபுறம் பஞ்சம் நிலவும். தனிச் சேமிப்பு அளவு கடப்பின் அது பதுக்கலாக மாறும். 2007 இல் லினக்ஸுக்குப் புதிய ஒதுக்கியொன்றினை அளித்த கிறிஸ்தோப் லமெற்றர், பழைய ஒதுக்கிமீது சாட்டிய குற்றம் இதுவே: ஆயிரக்கணக்கில் முறைவழியாக்கிகள் கொண்ட இயந்திரங்களில், வரிசைகளில் வைத்த துண்டுகளின் முகவரிகளைக் குறித்துக்கொள்வதற்கே பல கிகாபைற் நினைவகம் முடங்கிற்று. அப்பழைய ஒதுக்கி 2024 இல் லினக்ஸிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது.

மறுபுறத்தே, மிகச் சிறிய நினைவகம் கொண்ட கருவிகளுக்கென 2023 இல் அதே கருனியில் ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. அதனைத் தெரிவு செய்யின் முறைவழியாக்கிக்குரிய தனிச் சேமிப்புகள் அகற்றப்படும், பூட்டு நிலைக்கும். போட்டியிட ஆளில்லாத இடத்தில் போட்டியைத் தவிர்க்க நினைவகத்தைச் செலவிடுவது வீண் என்பதே இதன் நியாயம். பெருங்கணனிக்கு அமிர்தமானது சிறு கருவிக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே, எமது ஒதுக்கியில் பூட்டுப் போட்டி இல்லை எனப் பெருமை பேசுவோரிடம் இரு வினாக்களைக் கேட்பது கற்றோர் கடன். காத்திருப்பு நீங்கியதற்கு ஈடாக எவ்வளவு நினைவகம் முடங்கிற்று? அவ்விலையைச் செலுத்தும் இயந்திரம் எவருடையது? இவற்றுக்கு விடை கூறாது வேக அளவுகளை மாத்திரம் காட்டுவோர் கணக்கின் வரவுப் பக்கத்தை மட்டும் வாசிப்பவராவர். செலவுப் பக்கத்தையும் விரித்துக் காட்டுமாறு வற்புறுத்துவதற்கு எந்தப் பீடத்தாரின் அனுமதியும் எமக்கு வேண்டியதில்லை.