ஆர்மர் கம்பெனியின் அழகுப் பத்திரங்கள்

கம்பெனி கைமாறிப் போய்விட்டது. அதன் பழைய காகிதத்துக்கு வந்திருக்கிறது யோகம்! தபால் தலை சேர்ப்பது போல், செல்லாத பங்குப் பத்திரங்களைப் பணம் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறது ஒரு கூட்டம். 1970களில் மேல்நாடுகளில் பரவிய மோகம் இது. அந்தக் காகிதத்துக்கு லாபப் பங்கும் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனால் சித்திரம் அழகாம், முதலாளியின் கையெழுத்து அபூர்வமாம்! அந்தச் சித்திரங்களைச் செதுக்கியது கலைத் தாகத்தினாலா? இல்லை, கள்ளப் பத்திரம் அடிக்கிறவனுக்குப் பயந்து!

இதைச் "சரித்திரம்" என்கிறார்கள். இப்படிக் கைமாறும் பத்திரங்களில் சிகாகோவின் ஆர்மர் இறைச்சிக் கம்பெனியின் பத்திரமும் உண்டு. அந்தச் சித்திரத்தில் இல்லாத சரித்திரத்தை நாம் சொல்கிறோம், கேளுங்கள்.

1867ல் பிலிப் ஆர்மர் சிகாகோவில் கடை விரித்தார். வெட்டிய உடல் கொக்கியில் தொங்கியபடி நகரும், ஆளுக்கு ஒரு வெட்டு, நிமிர நேரமில்லை. மோட்டார் தொழிற்சாலைக்கான யோசனையே சிகாகோவின் இந்தக் கொக்கி வரிசையிலிருந்துதான் வந்தது என்று ஹென்றி ஃபோர்டே எழுதி வைத்திருக்கிறார். கொம்பையும் எலும்பையும் ரத்தத்தையும்கூட வீணாக்காமல் பசையாக, உரமாக விற்றவர்கள், மனிதனை மட்டும் தாராளமாக வீணாக்கினார்கள்.

1904ல் சிகாகோ இறைச்சித் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? சாதாரணக் கூலியாளுக்கு மணிக்கு 18½ சென்ட்! பெரிய கம்பெனிகள் கைகோத்து நின்றன. கருங்காலிகளை இறக்கின, கறுப்பினத் தொழிலாளியை வெள்ளைத் தொழிலாளியோடு மோதவிட்டன. இரண்டு மாதத்தில் போராட்டம் முறிந்தது.

1906ல் அப்டன் சிங்க்ளேரின் "ஜங்கிள்" நாவல் வந்ததும் அமெரிக்கா அலறியது. எதற்கு அலறியது? தட்டில் விழும் இறைச்சிக்கு! அதே வருஷம் இறைச்சிச் சோதனைச் சட்டம் பிறந்தது. சோதனைச் செலவு 30 லட்சம் டாலர் சர்க்கார் கஜானாவிலிருந்து. முதலாளி மடியிலிருந்து அல்ல. வெட்டுகிறவன் கைக்கு ஒரு வரி பாதுகாப்பும் அந்தச் சட்டத்தில் இல்லை.

வழி பிறந்தது 1937க்குப் பிறகு. புதிய சங்கம் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தது. சிகாகோ ஆர்மர் ஆலையில் அதைக் கட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் கம்யூனிஸ்டுத் தோழர் ஹெர்பர்ட் மார்ச். 1941ல் ஆர்மர் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அபூர்வக் கையெழுத்து என்றால் அதுவல்லவா!

பிறகு? 1959ல் சிகாகோ ஆலைக்குப் பூட்டு. 1970ல் கம்பெனியைக் கிரேஹவுண்ட் என்ற பஸ் கம்பெனி விழுங்கியது. 1983ல் கூலியை வெட்டச் சம்மதியுங்கள் என்றார்கள், சங்கம் மறுத்தது. உடனே ஆலைகளை மூடி, கம்பெனியைக் கான்அக்ராவுக்கு விற்றார்கள். புது முதலாளி பல ஆலைகளைச் சில நாட்களிலேயே திறந்தார். சங்கம் இல்லாமல், குறைந்த கூலிக்கு! இயந்திரம் அதே, கொக்கி அதே, ஒப்பந்தம் மட்டும் காணோம்.

சரித்திரம் சேர்க்கும் கனவான்களே! 1983ல் வாசலில் நிறுத்தப்பட்ட தொழிலாளியின் கூலிச் சீட்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட உங்களில் யார் ஏலம் கேட்டீர்கள்?