பஞ்சும் பீரங்கியும்

உள்நாட்டுப் போர் ஒரே இரவில் மூளுவதில்லை, தோழர்களே! மாதக்கணக்கில் உலை மூட்டுகிறார்கள். அமெரிக்கா மூட்டிய உலையைப் பார்ப்போம்.

1860 நவம்பரில் லிங்கன் வென்றார். டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரிக்குள் ஏழு மாநிலங்கள் கூடித் தனி அரசே அமைத்துவிட்டன. மத்திய அரசின் கோட்டைகள் பலவும் ஆயுதக் கிடங்குகளும் தெற்கின் கையில்! மார்ச்சில், ஒரு லட்சம் வீரர் திரட்டச் சட்டம்! எதை நம்பி இத்தனை துணிச்சல்? பஞ்சை நம்பி! நம் பஞ்சில்லாமல் இங்கிலாந்தின் ஆலை ஓடாது, ஆகவே அது ஓடிவந்து உதவும் என்று மனப்பால் குடித்தனர் பண்ணை முதலாளிகள். அந்தப் பஞ்சை விளைத்தது யார்? ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் கொண்ட நாடு அது. சார்லஸ்டன் துறைமுகத்தில் பீரங்கி மேடைக்கு மண் சுமந்ததும் அடிமைகளே. தம் விலங்குக்குத் தாமே காவல் அரண்!

வடக்கோ? ஆலையும் ரயிலும் ஆள்பலமும் அங்கேதான் அதிகம். ஆனால் நிரந்தரப் படை சுமார் 16,000 பேர். பெரும்பகுதி மேற்கு எல்லையில் சிதறிக் கிடந்தது. வாஷிங்டன் பேரத்தில் இறங்கிற்று. மாநிலங்களின் அடிமை முறையில் மத்திய அரசு ஒருநாளும் கைவைக்காது என அரசியல் சட்டத்தைத் திருத்தும் தீர்மானம், 1861 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாம் கேட்கிறோம்: யாரை விலைபேசி யாருக்குச் சமாதானம்?

தெற்கு அதற்கும் மசியவில்லை. ஏப்ரல் 12, சம்டர் கோட்டை மீது குண்டு பாய்ந்தது. மூன்றாம் நாள் 75,000 பேரைக் கேட்டார் லிங்கன், 3 மாதச் சேவைக்கு! போரோ 4 ஆண்டு நீண்டது. முதலாண்டில் படையில் சேர வந்த கருப்பின இளைஞரைத் திருப்பியனுப்பிய வடக்கு, 1863இல் அவர்களையே அழைத்தது. சுமார் 1,80,000 பேர் சீருடை அணிந்தனர்.